நல்லூர்த் திருவிழா மாதத்தில் வேலைக்குப் போகும் பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் கொடியேறினால் யாழ்ப்பாணத்து வீடுகளின் நாளொழுங்கே மாறிவிடுகிறது. ஆடி அமாவாசையை ஒட்டித் தொடங்கி, 24 ஆம் நாள் தேர், 25 ஆம் நாள் தீர்த்தம், மறுநாள் பூங்காவனம் என்று அது ஏறத்தாழ ஒரு மாதத்தை எடுத்துக்கொள்கிறது. அந்த மாதம் முழுவதும் கந்தோருக்கு லீவு கிடைப்பதில்லை. வங்கிக்கும் ஆஸ்பத்திரிக்கும் கடைக்கும் வேலைக்குப் போகிறவர்கள் வழமைபோலப் போய்த்தான் ஆக வேண்டும். தேர் முடியும் வேளையில் பல வீடுகளில் தாய்க்குத் தலையிடியும் பிள்ளைக்குக் காய்ச்சலும் வந்து, எல்லோருக்கும் எரிச்சல் மிஞ்சுவது இதனால்தான்.

இதில் முதன்மையான தவறு, எந்தெந்த நாள் போவது என்று முன்கூட்டித் தீர்மானிக்காமல் இருப்பது. தீர்மானம் இல்லாத வீட்டில் ஒவ்வொரு மாலையும் ஒரு வழக்காக மாறுகிறது: பிள்ளை கேட்கும், மாமியார் கேட்பார், பக்கத்து வீட்டார் போகும்போது கூப்பிடுவார்கள், போகாவிட்டால் ஏதோ குற்றம் செய்ததுபோல் மனம் உறுத்தும். நல்லூரான் நேரம் தவறாதவன் என்பது ஊரறிந்தது; சுவாமி வெளிவீதி வரும் நேரத்துக்கு முன் போய்ச் சேர வேண்டுமென்று, வேலையால் வந்த கையோடு உடுப்பை மாற்றி, பிள்ளைக்கு ஒரு வாய் தேத்தண்ணீர்கூடக் கொடுக்காமல் ஓடுகிறவர்களை நான் ஒவ்வொரு ஆண்டும் காண்கிறேன். நானும் அப்படி ஓடியவள்தான். ஓர் ஆண்டு பத்தொன்பது நாள் விடாமல் போய்விட்டு, தேருக்கு முந்திய நாளான சப்பரத்தன்று கச்சான் கடலை கேட்ட மகளை வீதியில் வைத்தே ஏசியது இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

நேர்த்தி வைத்து எல்லா நாளும் போகிறவர்களைப் பற்றி நான் பேசவில்லை. அது அவர்களுக்கும் முருகனுக்கும் இடையிலான விடயம். மற்றவர்கள் கொடியேற்றத்துக்கு முந்திய வாரமே நாட்காட்டியை எடுத்து வைத்து, மஞ்சம், சப்பரம், தேர் என்று மூன்று நான்கு நாட்களைக் குறித்து, பிள்ளைகள் விரும்புகிற ஒரு நாளையும் அவர்களைக் கேட்டே சேர்த்துக்கொண்டால், மீதி மாலைகளில் வீட்டில் இருப்பதற்கு எவரிடமும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. மாம்பழத்துக்காக உலகத்தைச் சுற்றி வந்த பிள்ளையின் கோயிலில், ஓடாமல் தாய்தந்தையைச் சுற்றி வந்தே பழத்தை வாங்கிக்கொண்ட தமையனை நினைப்பதும் பொருத்தமே.

இரண்டாவது தவறு, வெளிநாட்டிலிருந்து வரும் உறவினருக்கு நமது நிலையைச் சொல்லாமல் விடுவது. கனடாவிலும் லண்டனிலும் சுவிஸிலும் கோடை விடுமுறை விடுவது இந்தக் காலத்தில்தான். அவர்கள் விடுமுறையில் வருகிறார்கள், நாமோ வேலைநாளில் இருக்கிறோம். இந்த வேறுபாட்டை அவர்களாக உணர்ந்துகொள்வார்கள் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. குறை நினைப்பார்களே என்ற பயத்தில் தலையாட்டிவிட்டு, ஒரு நாள் கீரிமலை, ஒரு நாள் காரைநகர்க் கசூரினாக் கடற்கரை, விடிய எழும்பிக் குறிகட்டுவானுக்குப் போய்ப் படகேறி நயினாதீவு என்று இழுபட்டால், சமைக்கிறவரும் வான் பிடிக்கிறவரும் வழிகாட்டுகிறவரும் நாமே ஆகிவிடுவோம். விமானச் சீட்டு எடுத்திருக்கிறோம் என்று அவர்கள் அறிவிக்கும் அன்றே, "ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்களும் வருவம் அண்ணா, மற்ற நாளில் நீங்கள் போய் வாங்கோ" என்று சொல்லிவிடுவது நல்லது. வந்திருக்கும் சித்தப்பாவிடமே ஒரு மாலை பிள்ளைகளைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொல்வதில் மரியாதைக் குறைவு எதுவுமில்லை. பெரும்பாலும் அவர் மகிழ்ச்சியோடு போவார்.

சமையலைப் பற்றியும் சொல்ல வேண்டும். கொடியேறியது முதல் மீன், இறைச்சி என்று மச்சம் விலக்கும் வீடுகளில், மீன் குழம்பு ஒன்றோடு முடிந்த சாப்பாட்டுக்குப் பதிலாக மூன்று மரக்கறியும் பொரியலும் வடையும் வேண்டுமென்று எதிர்பார்ப்பதும், அந்தச் சுமை முழுவதையும் ஒரு பெண்ணின் தலையில் ஏற்றிவிட்டு விரதத்தின் பெருமையை மட்டும் வீட்டார் எல்லோரும் பங்கிட்டுக்கொள்வதும் எனக்குச் சரியாகப் படவில்லை. வேலைநாளில் சோறு, பருப்பு, ஒரு கீரை, மோர் போதும். காய் நறுக்குவதும் தேங்காய் துருவுவதும் ஆண்களுக்கு வராத கலைகள் அல்ல.

பரீட்சையும் திருவிழாவும் ஒன்றோடொன்று மோதுவதைக் கவனியாமல் விடுவது இன்னொரு தவறு. 2025 இல் யூலை 29 அன்று கொடியேறியது. ஓகஸ்ட் 10 அன்று தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை நடந்தது. ஓகஸ்ட் 21 அன்று தேர். அதாவது பத்து வயதுப் பிள்ளை திருவிழாவின் நடுவிலேயே பரீட்சை எழுதியது. அப்படிப்பட்ட ஆண்டில் பிள்ளையை முற்றாக அடைத்து வைப்பதும், இரவு பத்து மணிவரை வீதியில் வைத்திருப்பதும் ஒரே அளவு கெடுதல். பரீட்சைக்கு முந்திய வாரம் நித்திரை நேரத்தை மாற்றாமல், ரியூசன் இல்லாத ஒரு மாலையில் சற்று நேரம் கூட்டிச் சென்று வந்தால், தான் எதையோ இழந்துவிட்டதாகப் பிள்ளை எண்ணாது.

செலவைப் பொறுத்தவரை, ஒவ்வொரு பயணத்திலும் விளையாட்டுச் சாமான் கடையின் முன் பேரம் பேசுவதைவிட, முழுத் திருவிழாவுக்கும் இவ்வளவுதான் என்று ஒரு தொகையைப் பிள்ளையின் கையில் கொடுத்துவிடலாம். ஐஸ்கிரீமா விளையாட்டுத் துவக்கா என்பதை அதுவே முடிவு செய்யட்டும்.

தேரன்று கைக்குழந்தையை நெரிசலுக்குள் கொண்டுபோக வேண்டாம். வெயில் ஏறினால் செருப்பில்லாத சிறு கால்களுக்கு வீதி மணல் சுடும், சோளகக் காற்றுப் புழுதியை வாரி இறைக்கும், தங்கச் சங்கிலி கழுத்தில் இருந்தால் பிள்ளையைவிட அதையே பார்த்துக்கொண்டு நிற்க நேரும். சற்று வளர்ந்த பிள்ளையென்றால் உங்கள் தொலைபேசி இலக்கத்தை ஒரு துண்டில் எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள்.

கடைசியாக, லீவு எடுக்கும் நாள். பலர் தங்களிடம் இருக்கும் லீவு முழுவதையும் தேருக்கும் தீர்த்தத்துக்கும் கொடுத்துவிட்டு, பூங்காவனம் முடிந்த மறுநாள் விடிய ஒரு குவியல் அழுக்கு உடுப்பையும் நித்திரை குழம்பிய பிள்ளைகளையும் விட்டுவிட்டு வேலைக்கு ஓடுகிறார்கள். எங்கள் வீட்டில் இப்போது அந்த மறுநாளுக்கென்றே ஒரு லீவை மிச்சம் பிடித்து வைக்கிறோம். அன்று எட்டு மணிவரை எவரும் எவரையும் எழுப்புவதில்லை.