மயக்கத் தூக்கத்தில் தொண்டை மூடும் அழுத்தத்தை அளக்கும் முறை

கோவை, ஈரோடு, நாமக்கல் பகுதிகளில் குறட்டைக்காகவும் தூக்க மூச்சுத் தடைக்காகவும் வருபவர்களுக்கு ஓர் இரவுத் தூக்கப் பரிசோதனை செய்து, மணிக்கு எத்தனை முறை மூச்சு தடைபடுகிறது என்று நாம் எழுதித் தருகிறோம். அந்த எண் நோயின் கடுமையைக் காட்டுமே தவிர, தொண்டை எவ்வளவு எளிதில் மூடிக்கொள்கிறது என்பதைத் தனியே பிரித்துக் காட்டாது. விழிப்பு எளிதில் வருவதும் மூளையின் மூச்சுக் கட்டுப்பாடு நிலையற்றிருப்பதும் அதே எண்ணுக்குள் கலந்திருக்கின்றன. மூடும் தன்மையை மட்டும் அளக்க உதவுவது மூடும் அழுத்தம். கிணற்று மோட்டாரின் உறிஞ்சும் பக்கத்தில் மெல்லிய குழாயைப் பொருத்தினால் அது சப்பிப்போய்த் தண்ணீர் நின்றுவிடுவதைப் போல, முகமூடி வழியே மூக்கில் தரும் காற்றழுத்தம் எந்த அளவுக்கு இறங்கும்போது காற்றோட்டம் முழுவதும் நின்றுவிடுகிறதோ, அந்த அளவே மூடும் அழுத்தம். அதைச் சென்டிமீட்டர் நீர் அளவில் குறிக்கிறோம்.

1991இல் கிராஃப்ட், பிரிங்கிள் என்ற மருத்துவர்கள் மயக்க மருந்தால் தூங்கவைத்து மூக்குவழிக் குழாய்க் கருவியால் தொண்டையைப் பார்க்கும் முறையை வெளியிட்டனர். எந்த இடம் மூடுகிறது என்பதை அந்தக் கருவி காட்டும். எவ்வளவு எளிதில் மூடுகிறது என்பதை அழுத்த அளவீடுதான் காட்டும். இரண்டையும் ஒரே நாளில் செய்யலாம், ஆனால் ஒரே நேரத்தில் செய்ய வேண்டாம். குழாய்க் கருவி மூக்கை அடைத்துக் காற்றோட்டத்தைக் குறைப்பதோடு முகமூடியிலும் கசிவை உண்டாக்கும்.

நோயாளி திட உணவை ஆறு மணி நேரமும் தெளிந்த நீரை இரண்டு மணி நேரமும் தவிர்த்திருக்க வேண்டும். மயக்கவியல் நிபுணர், உறிஞ்சு கருவி, ஆக்சிஜன், செயற்கை மூச்சுக்கான சாதனங்கள் ஆகியவை அறையிலேயே தயாராக இருக்க வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் பரிசோதனையைத் தள்ளிவைப்பதே முறை. நோயாளியை மல்லாந்து படுக்கவைத்து, கழுத்தை முன்னும் பின்னும் சாயாமல் நிறுத்துங்கள். தலையணையின் உயரமும் தாடை திறந்திருப்பதும் அளவை மாற்றிவிடும். வாய்வழிக் கசிவைத் தடுக்கத் தாடைப் பட்டை தேவைப்படலாம். முகமூடிக்கு அருகில் காற்றோட்ட அளவியையும் அழுத்த அளவியையும் இணைத்து, அழுத்த அளவியை நீர்க்குழாய் மானோமீட்டரோடு ஒப்பிட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

மிகுந்த கவனம் தேவைப்படும் இடம் மயக்கத்தின் ஆழம். புரொபோஃபால் என்ற மயக்க மருந்தின் அளவு கூடக்கூட நாக்குத் தசையின் இயக்கம் தளர்ந்து, மூடும் அழுத்தம் ஏறும்; அதாவது தொண்டை இன்னும் எளிதில் மூடிக்கொள்ளும். ஆகவே ஆழம் மாறிக்கொண்டிருந்தால் நாம் அளப்பது தொண்டையையா, மருந்தையா என்று பிரித்தறிய முடியாது. உடலில் மருந்தின் செறிவைக் கணித்து அதற்கேற்ப மருந்தைச் செலுத்தும் இலக்குச் செறிவு செலுத்தியில் குறைந்த செறிவில் தொடங்கி, மில்லிலிட்டருக்கு 0.2 மைக்ரோகிராம் வீதம் பொறுமையாக உயர்த்தி, பேச்சுக்கு மறுமொழி நின்று குறட்டை சீராக வரும் நிலையில் நிறுத்துங்கள். மூளை அலைகளைக் கொண்டு மயக்கத்தின் ஆழத்தைக் காட்டும் பிஸ் (BIS) மதிப்பு 60ஐ ஒட்டி நிலைப்படுவது நல்லது. புதிய செறிவுக்குப் பின் சில நிமிடங்கள் காத்திருக்காமல் அளவெடுக்காதீர்கள்.

பிறகு மூச்சோட்டத்தின் வரைகோடு தடையின்றி வட்டமாக எழும் அழுத்தத்தைக் கண்டறியுங்கள். அதுவே தாங்கும் அழுத்தம். அங்கிருந்து திடீரெனக் குறைத்து ஐந்து மூச்சுகள் வரை அப்படியே வைத்து, மீண்டும் தாங்கும் அழுத்தத்துக்குத் திரும்பி ஒரு நிமிடம் ஓய்வு கொடுங்கள். அடுத்தடுத்து மேலும் குறைத்து இதையே செய்யுங்கள். முகமூடி வழியே தொடர் காற்றழுத்தம் தரும் வழக்கமான சிபேப் (CPAP) கருவிகள் 4 சென்டிமீட்டருக்குக் கீழே இறங்குவதில்லை. எதிர்மறை அழுத்தமும் தரக்கூடிய கருவி இருந்தால்தான் அழுத்தத்துக்கேற்ப ஓட்டம் மாறுவதைக் காட்டும் கோடு முழுமை பெறும். ஒவ்வொரு குறைப்பிலும் மூன்றாவது முதல் ஐந்தாவது வரையிலான மூச்சுகளையே எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றிலும், முயற்சி கூடினாலும் ஓட்டம் உச்சியில் தட்டையாகிவிடும் மூச்சுகள் மட்டுமே கணக்குக்கு உரியவை. விழிப்பு வந்த இடத்தைத் தயங்காமல் நீக்குங்கள்.

கணக்கைப் புரிந்துகொள்ள ஒரு கற்பனை எடுத்துக்காட்டைப் பார்ப்போம். 6, 4, 3 சென்டிமீட்டரில் உச்ச ஓட்டம் விநாடிக்கு 400, 240, 160 மில்லிலிட்டர் என்றால், ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் 80 குறைகிறது. நேர்கோட்டை நீட்டினால் 1 சென்டிமீட்டரில் ஓட்டம் பூச்சியமாகிறது. மூடும் அழுத்தம் +1. கோட்டில் புள்ளிகள் சிதறியிருந்தால் அந்த எண்ணை நம்பாமல் மறுபடி அளப்பதே நேர்மை.

இயற்கைத் தூக்கத்தில் அளக்கும்போது -2க்குக் கீழே இருந்தால் இலேசான மூடுதன்மை என்றும், +2க்கு மேலே இருந்தால் கடுமையானது என்றும் கொள்வது வழக்கம். மயக்கத்தில் தசைகள் கூடுதலாகத் தளர்வதால் இதே எல்லைகளை அப்படியே பொருத்தக் கூடாது. அதனால் அறிக்கையில் வெறும் எண்ணை எழுதாமல் மருந்து, செறிவு, பிஸ் மதிப்பு, படுக்கை நிலை, கோட்டின் சரிவு ஆகியவற்றையும் எழுதுங்கள். எடை குறைந்தால் இந்த அழுத்தமும் இறங்கும் என்பதால், பின்னாளில் அதே முறையில் மீண்டும் அளந்து ஒப்பிட இந்த விவரங்கள் கட்டாயம் வேண்டும். நாமக்கல், சங்ககிரி பக்கத்து லாரி ஓட்டுநர்கள் இந்தப் பரிசோதனைக்கு வரும்போது, அன்று முழுவதும் வண்டியைத் தொடக் கூடாது என்பதை அவர்களுக்கும் உடன் வந்தவர்களுக்கும் மயக்கம் கொடுப்பதற்கு முன்பே சொல்லி, வீட்டுக்கு அழைத்துச் செல்ல ஆள் இருப்பதை உறுதிசெய்த பிறகே மருந்தைத் தொடங்குங்கள்.