ஒளிர்வது உங்கள் சாம்பிள்தானா?

காசிமேட்டில் இறால் ஓடு சும்மாவே கிடைக்கும். அதைக் கழுவிக் காயவைத்து, ஸ்டீல் ஆட்டோகிளேவில் அடைத்து 180 டிகிரியில் வேகவிட்டு கார்பன் டாட், அதாவது சில நானோமீட்டர் அளவுள்ள ஒளிரும் கார்பன் துகள், எடுப்பதுதான் என் எம்.எஸ்சி. பிராஜெக்ட். பஸ்ஸில் அந்தப் பையோடு ஏறினால் பக்கத்து சீட் தானாகக் காலியாகிவிடும். யூவி விளக்கில் காட்டியதும் கரைசல் நீலமாக ஒளிர்ந்தது, ஸ்பெக்ட்ரத்தில் 440 நானோமீட்டர் பக்கம் அழகான பீக், எனக்கு ஒரு வாரம் தலைகால் புரியவில்லை. அப்புறம் ஒரு சீனியர் கேட்டார்: "வெறும் தண்ணிய வெச்சு ஓட்டிப் பாத்தியா?"

பார்க்கவில்லை. பார்த்தால் அதிலும் அதே இடத்தில் பீக், கொஞ்சம் குட்டையாக.

குற்றவாளி, க்யூவெட் (கருவிக்குள் கரைசலை வைக்கும் சின்னச் சதுரக் குப்பி) துடைக்க நான் கொண்டுபோன பழைய பனியன் துணி. வண்ணாரப்பேட்டை வீட்டில் அம்மா சோப்புப் பவுடரில் துவைத்துக் கொடுத்தது. பல சலவைத்தூள்களில் ஆப்டிகல் பிரைட்னர் என்றொரு பொருள் இருக்கிறது, அது கண்ணுக்குத் தெரியாத புற ஊதாவை வாங்கிக்கொண்டு நீல ஒளியாகத் திருப்பித் தரும், வெள்ளைச் சட்டை பளிச்சென்று தெரிவதற்கு அதுதான் காரணம். (சொட்டு நீலம் வேறு. அது ஒளிராது, மஞ்சளை மறைக்கும் வெறும் சாயம்.) ஏ4 தாளிலும் பல டிஷ்யூ பேப்பர்களிலும் இதே பிரைட்னர் உண்டு. க்யூவெட் சுவரில் ஒட்டிய நாலு நூல் இழை போதும், ஆராய்ச்சி முடிந்தது. அதனால் பிளாங்க், அதாவது ஒப்பிட்டுப் பார்க்க ஓட்டும் சாம்பிள் இல்லாத அளவு, என்றால் பாட்டிலிலிருந்து நேராக ஊற்றிய தண்ணீர் இல்லை. சாம்பிள் போன அதே வடிதாள், அதே குப்பி, அதே துணி எல்லாவற்றையும் தொட்டு வந்த தண்ணீர்.

கார்பன் டாட்காரர்களுக்கு இன்னொரு பள்ளம் இருக்கிறது. சிட்ரிக் அமிலத்தையும் எத்திலீன்டைஅமீனையும் சேர்த்துச் சூடாக்கினால் பிரமாதமாக ஒளிரும், ஆனால் அந்த ஒளியில் பெரும்பங்கு கூடவே உருவாகும் சின்ன மூலக்கூறுகளிலிருந்து வருவது என்று பிறகு தெரியவந்தது. சின்ன மூலக்கூறுகளை மட்டும் வெளியே விடும் டயாலிசிஸ் பையை ஒரு ராத்திரி ஊறவைத்துவிட்டு 'சுத்தமாயிடுச்சு' என்று எழுதாதீர்கள். வெளியே இருக்கும் தண்ணீர் ஒளிர்வதை நிறுத்தும்வரை மாற்றிக்கொண்டே இருங்கள். கடைசியில் பைக்குள் இருப்பது மங்கிப்போனால் வருத்தம்தான், ஆனால் அதுவும் ஒரு ரிசல்ட்.

பேய் பீக்குகள் இரண்டு. 254 நானோமீட்டரில் தூண்டினால் சரியாக 508-ல், 365-ல் தூண்டினால் 730-ல் ஊசி மாதிரி ஒன்று நிற்கும். அது கருவிக்குள் ஒளியைப் பிரிக்கும் கிரேட்டிங், தூண்டும் ஒளியையே இரட்டை அலைநீளத்தில் காட்டும் இரண்டாம் வரிசை, உங்கள் பொருள் இல்லை, நடுவில் ஒரு லாங்பாஸ் ஃபில்டர் (நீண்ட அலைநீளத்தை மட்டும் விடுவது) வைத்தால் ஓடிவிடும். இன்னொன்று தண்ணீரின் ராமன் சிதறல், அதாவது தண்ணீரில் பட்டு அலைநீளம் மாறிச் சிதறும் ஒளி, 350-ல் தூண்டினால் 397 பக்கம் வரும். தூண்டும் அலைநீளத்தை மாற்றினால் இதுவும் கூடவே நகரும். கார்பன் டாட்டும் அப்படி நகரும் என்பதால் ஏமாறுவது சுலபம், ஆனால் ராமன் பீக் எப்போதும் தூண்டும் ஒளியிலிருந்து சுமார் 3400 அலை எண் (ஒரு செ.மீ.-க்கு எத்தனை அலை என்ற கணக்கு) இடைவெளி விட்டே நிற்கும், கணக்குப் போட்டால் மாட்டிக்கொள்ளும்.

சாதாரணக் கண்ணாடிக் குப்பியை 254 விளக்கின் கீழ் வைத்துவிட்டு 'ஒளிரவில்லை' என்று கொட்டுபவர்களும் உண்டு. கண்ணாடி அந்த ஒளியை உள்ளே விடவே விடாது, குவார்ட்ஸ் வேண்டும்.

கெட்டியாகக் கலக்கினால் அதிகம் ஒளிரும் என்பது அடுத்த தப்புக்கணக்கு. ஹைலைட்டர் மையை ஒரு டம்ளர் தண்ணீரில் நன்றாகக் கெட்டியாகக் கரைத்து, பக்கவாட்டில் யூவி டார்ச் அடித்துப் பாருங்கள். ஒளி நுழையும் ஓரம் மட்டும்தான் ஜொலிக்கும், நடுவே மங்கல். கருவியோ 90 டிகிரியில் நின்று க்யூவெட்டின் நடுவைப் பார்க்கிறது. உறிஞ்சல் 0.1-க்குக் கீழே இருக்கும்படி நீர்த்துக்கொள்ளுங்கள்.

குவாண்டம் ஈல்டு (உறிஞ்சிய ஒளியில் எவ்வளவு பங்கு ஒளிர்வாகத் திரும்புகிறது என்ற எண்) கணக்கிட, ஒப்பிடும் தரமானியாகக் குயினின் சல்பேட் எடுப்பவர்கள் கந்தக அமிலம் தீர்ந்துவிட்டதே என்று ஹைட்ரோகுளோரிக்கை ஊற்றக் கூடாது. குளோரைடு குயினினின் ஒளியை அணைத்துவிடும். தரமானியின் 0.54 என்ற எண் நீர்த்த கந்தக அமிலத்துக்கு மட்டும்தான். தரமானி மங்கினால் உங்கள் சாம்பிளின் ஈல்டு தானாக ஏறும், அதைப் பார்த்துச் சந்தோஷப்படவும் செய்வீர்கள். குளோரைடு நிறைந்த எங்கள் பக்கத்து உப்புப் போர் தண்ணீரில் குப்பி கழுவிவிட்டு அப்படியே பயன்படுத்துவதும் இந்தக் கணக்கில்தான் சேரும்.

மே மாதம் ஏசி ஓடாத நாளில் எடுத்த அளவையும் டிசம்பரில் எடுத்ததையும் ஒரே கிராஃபில் போடாதீர்கள். ரோடமின் பி என்ற ஒளிரும் சாயம், சூடு ஏற ஏற, ஒரு டிகிரிக்குச் சுமார் 2 சதவீதம் மங்கும்.

செல்போன் படம் பிராஜெக்ட் அட்டைக்கு அழகு, டேட்டா இல்லை. மலிவான டார்ச் பெரும்பாலும் 395 நானோமீட்டர், அதன் ஊதாவே கரைசலில் பட்டு நீலமாகத் தெரியும், போன் வேறு தன் இஷ்டத்துக்கு நிறத்தைத் திருத்தும்.

254 விளக்கைப் பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் மட்டும் பார்க்காதீர்கள். படகுக்கு வெல்டிங் அடிப்பவர்களைக் கேட்டால் தெரியும். அப்போது ஒன்றும் தெரியாது, ராத்திரி படுத்த பிறகுதான் கண்ணில் மணலை அள்ளிக் கொட்டியது போல உறுத்தும்.