டைமிங் பெல்ட் அறுந்தால் எதை முதலில் செய்வது, எதைச் செய்யவே கூடாது

ஓடிக்கொண்டிருந்த வண்டி, இருமல் திணறல் எதுவும் இல்லாமல் சட்டென்று அணைந்துவிடுகிறது. சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் வழக்கத்தைவிட வேகமாக, ஒரே சீராக "விர்ர்" என்று சுற்றுகிறது. நல்ல எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை அழுத்தும்போது வருகிற அந்த விட்டுவிட்டு இழுக்கும் சத்தம் காணோம். பெட்ரோல் தீர்ந்த வண்டியில் அந்த இழுப்பு இருக்கும். இங்கே அதுவே இல்லை. இந்தச் சத்தம் கேட்டால் பெல்ட் அறுந்திருக்கும், அல்லது பெல்ட் முழுசாக இருந்து பற்கள் மட்டும் உதிர்ந்திருக்கும். இன்னொரு முறை சாவியைத் திருப்பாதீர்கள்.

காரணம் எளிது. பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்றும்போது, வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்ற வேண்டும். அந்தக் கணக்கைக் காப்பதுதான் பெல்ட்டின் முக்கிய வேலை. அது அறுந்ததும் கேம் நின்றுவிடுகிறது. சில வால்வுகள் திறந்த நிலையிலேயே நிற்கின்றன. கிராங்க் மட்டும் வண்டியின் வேகத்தில் தொடர்ந்து சுற்றுகிறது. 3,000 ஆர்பிஎம் என்றால் நொடிக்கு 50 சுற்று. பிஸ்டன் மேலே வரும்போது திறந்த வால்வுக்கு இடம் விடாத எஞ்சின்களை இன்டர்ஃபியரன்ஸ் வகை என்பார்கள். இன்றைய பெல்ட் எஞ்சின்களில் பெரும்பாலானவை, டீசலில் ஏறக்குறைய எல்லாமே, இந்த வகைதான். அவற்றில் பிஸ்டன் வால்வை முட்டி வளைக்கும். ஐடிலில் அறுந்த பெல்ட் ஒன்றிரண்டு வால்வோடு தப்பவிடலாம். அதன்பின் நீங்கள் போடும் ஒவ்வொரு ஸ்டார்ட்டும் மிச்சமிருக்கும் வால்வுகளையும் பலி கேட்கும்.

சாலையில்

அணைந்த நொடியே கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு மாற்றுங்கள். கியரிலேயே உருண்டால் சக்கரங்கள் எஞ்சினைச் சுற்றிக்கொண்டே இருக்கும். பிரேக் பூஸ்டரில் இரண்டு மூன்று மிதிக்குத்தான் வாக்குவம் மிச்சம் இருக்கும். விட்டுவிட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாக அழுத்தி ஓரம் கட்டுங்கள். ஹைட்ராலிக் ஸ்டீயரிங் என்றால் கனக்கும். தள்ளி ஸ்டார்ட் செய்வது, வேறு வண்டியால் இழுத்து ஸ்டார்ட் செய்வது இரண்டும் கூடவே கூடாது. வண்டியை ஏற்றிக்கொண்டு போகும் லாரிதான் நல்லது. கட்டி இழுத்தால் நியூட்ரலில் மட்டும்.

அறுந்ததா, ஏன் அறுந்தது

பெல்ட்டின் மேல் மூடியைத் திறக்கப் பெரும்பாலும் 10 மி.மீ. சாக்கெட் போதும். பெல்ட் தொங்கினால் சந்தேகமில்லை. முழுசாகத் தெரிந்தால் நம்பிவிடாதீர்கள்: பற்கள் பெரும்பாலும் கீழே கிராங்க் ஸ்ப்ராக்கெட்டில் (பெல்ட் ஓடும் பல் சக்கரத்தில்) தான் உதிரும், மேலே நின்று பார்த்தால் தெரியாது. கிராங்க் போல்ட்டில் ஸ்பேனர் வைத்து, ஓடும் திசையில் சில டிகிரி மட்டும் மெதுவாகத் திருப்புங்கள். கேம் அசையவில்லையென்றால் விடை கிடைத்துவிட்டது. எங்கேயாவது கெட்டியாக முட்டினால் அங்கேயே நிறுத்துங்கள்.

பழைய பெல்ட்டைத் தூக்கி எறியாதீர்கள். அறுந்த விதமே காரணத்தைச் சொல்லும். கத்தியால் வெட்டியதுபோல் நேர்க்கோட்டில் அறுந்திருந்தால், மாட்டும்போது மடக்கியதாலோ முறுக்கியதாலோ உள்ளே கண்ணாடி நார் உடைந்திருக்கலாம். கோணலாகப் பிய்ந்திருந்தால் கல், போல்ட் போன்ற ஏதோ ஒன்று உள்ளே புகுந்திருக்கிறது. பற்கள் வரிசையாக வழித்தெடுக்கப்பட்டிருந்தால் வாட்டர் பம்ப் போல ஏதோ ஒன்று இறுகி நின்றிருக்கிறது, அல்லது பெல்ட் தளர்வாக ஓடியிருக்கிறது. ஓரம் மட்டும் தேய்ந்து நூல் நூலாகத் தொங்கினால் ஒரு புல்லி சாய்ந்து நிற்கிறது, பெரும்பாலும் பேரிங் போன டென்ஷனர் (பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் புல்லி). ரப்பர் ஊதி, மென்மையாகிப் பிசுபிசுத்தால் எண்ணெய் பட்டிருக்கிறது: கேம் சீலையும் கிராங்க் முன் சீலையும் பாருங்கள். முதுகில் குறுக்கு வெடிப்புகள் இருந்தால் வெப்பமும் வயதும்.

இந்தக் காரணத்தைக் கண்டுபிடிக்காமல் புது பெல்ட் மாட்டுவதுதான் இந்த வேலையில் நடக்கும் மிகப் பெரிய தவறு. இறுகிய வாட்டர் பம்ப் புது பெல்ட்டையும் அதே நாளில் தின்றுவிடும். ஒவ்வொரு புல்லியையும் கையால் சுற்றிப் பாருங்கள். கரகரப்போ ஆட்டமோ இருக்கக் கூடாது. தடையே இல்லாமல் பம்பரம்போல் நெடுநேரம் சுற்றினாலும் அது நல்ல அறிகுறி அல்ல, கிரீஸ் வற்றிவிட்டது.

ஹெட்டைக் கழற்றும் முன் வால்வைச் சோதியுங்கள்

ஹெட்டை, அதாவது வால்வுகள் இருக்கும் எஞ்சினின் மேல் பகுதியை, திறக்காமலே வால்வு வளைந்ததா என்று அறிய முடியும். அதற்கு, சிலிண்டருக்குள் காற்றைச் செலுத்தி அது எங்கே கசிகிறது என்று பார்க்கும் லீக்-டவுன் சோதனைதான் சிறந்தது, புது பெல்ட்டும் தேவையில்லை.

ஸ்பார்க் ப்ளக்குகளை, டீசலில் க்ளோ ப்ளக்குகளை, கழற்றுங்கள். கிராங்க்கைக் கையால் மெல்லத் திருப்பி எல்லா பிஸ்டன்களையும் உச்சியிலிருந்து விலக்குங்கள். வரிசை நான்கு சிலிண்டர் எஞ்சினில் டிடிசி (பிஸ்டன் உச்சியில் நிற்கும் நிலை) குறிக்கு 90 டிகிரி முன்னால் நிறுத்தினால் நான்கும் பாதி வழியில் நிற்கும். மூன்று சிலிண்டரில் 60 டிகிரி. வழியில் முட்டினால் வலுக்கட்டாயம் செய்யாமல் கேமைச் சற்று நகர்த்திவிட்டுத் தொடருங்கள். பிஸ்டன்கள் இறங்கிய பிறகு கேமை அச்சமின்றித் திருப்பலாம்.

இனி ஒரு சிலிண்டரை எடுத்துக்கொண்டு, அதன் கேம் மூக்குகள் (வால்வை அழுத்தும் புடைப்புகள்) எல்லாம் வால்வை அழுத்தாத பக்கம் பார்க்கும்படி கேமைத் திருப்புங்கள். அந்தச் சிலிண்டரின் வால்வுகள் மூடியிருக்க வேண்டும். ப்ளக் துளை வழியாகச் சுமார் 2 பார் காற்று கொடுங்கள். காற்று பிஸ்டனைக் கீழே தள்ளி கிராங்க்கைச் சுற்றப் பார்க்கும், அதனால் ஃப்ளைவீலைப் பூட்டும் கருவி கட்டாயம். கியரில் போட்டுவிட்டால் போதும் என்று நினைக்க வேண்டாம். ஒரு முன் சக்கரம் தூக்கியிருந்தால் டிஃபரென்ஷியல் வழியாக அது சும்மா சுற்றிவிடும்.

இப்போது காதை வையுங்கள். த்ராட்டில் பக்கம் இரைந்தால் இன்டேக் வால்வு. சைலன்சரில் இரைந்தால் எக்ஸாஸ்ட் வால்வு. ஆயில் ஊற்றும் வாயில் லேசாக வருவது ரிங்குகளின் இயல்பான கசிவு, பலமாக வந்தால் பிஸ்டனோ ரிங்கோ அடிபட்டிருக்கிறது. வளைந்த வால்வில் காற்று கிசுகிசுக்காது, கொட்டும்.

வால்வு இடைவெளியை ஷிம் (மெல்லிய தகடு) வைத்துச் சரிசெய்யும் எஞ்சினாக இருந்தால், இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜே பாதி விடை தரும். வளைந்த வால்வு முழுதாக மேலேறி உட்காராது, அதனால் கேமுக்கும் வால்வின் தலைமேல் இருக்கும் பக்கெட்டுக்கும் இடையிலான இடைவெளி பக்கத்து வால்வைவிட வெளிப்படையாக அதிகம் இருக்கும். இடைவெளியை எண்ணெய் அழுத்தத்தால் தானே சரிசெய்யும் ஹைட்ராலிக் லிஃப்டர் உள்ள எஞ்சினில் இதை நம்ப முடியாது.

எல்லாச் சிலிண்டரும் காற்றைப் பிடித்துக்கொண்டால் நேரே பெல்ட் வேலைக்குப் போகலாம். ஒன்று கசிந்தாலும் ஹெட் இறங்கத்தான் வேண்டும். எஞ்சின் முழுதாக ஆறிய பிறகு, இறுக்கும் வரிசைக்கு நேர் எதிர் வரிசையில், இரண்டு மூன்று கட்டமாகப் போல்ட்டுகளைத் தளர்த்துங்கள். வளைந்தவற்றை மட்டும் மாற்றிவிட்டு மற்றவற்றை அப்படியே விடாதீர்கள். ஒவ்வொன்றையும் சுற்றிப் பார்த்து, வால்வின் தண்டு ஏறி இறங்கும் கைடில் விரிசல் உண்டா என்றும் பாருங்கள். ஸ்டெம் சீல்கள் எல்லாம் புதிது. வால்வுகளை உட்கார வைத்துத் தேய்த்தபின் போர்ட்டில் மண்ணெண்ணெய் ஊற்றி, சில நிமிடம் ஒரு சொட்டும் இறங்காமல் நிற்க வேண்டும். ஹெட் தளம் நேராக இருக்கிறதா என்று நேர்விளிம்பும் ஃபீலர் கேஜும் வைத்துப் பாருங்கள். பல எஞ்சின்களில் 0.05 மி.மீ. தான் எல்லை. பிஸ்டன் தலையில் மெல்லிய பிறைத் தழும்பு பரவாயில்லை, தூக்கி நிற்கும் பிசிறை மட்டும் நீக்குங்கள். விரிசல் இருந்தால் பிஸ்டன் மாற வேண்டும்.

டீசலில் இன்னொரு படி உண்டு. அங்கே வால்வுகள் நேர் செங்குத்தாக நிற்பதால் அடி முழுவதும் ராக்கர், கேம், கனெக்டிங் ராடு மேல் இறங்கும். ஒவ்வொரு பிஸ்டனையும் உச்சிக்குக் கொண்டுவந்து, டயல் கேஜால் உயரம் அளந்து ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் தாழ்ந்து நின்றால் ராடு வளைந்திருக்கிறது. ஹெட் கேஸ்கெட்டின் தடிமனும் இந்த உயரத்தைப் பொறுத்தே தேர்வாகும், பழைய கேஸ்கெட்டின் வெட்டுக் குறிகளை எண்ணிக்கொள்ளுங்கள்.

புது பெல்ட்

வாங்க வேண்டியவை: பெல்ட், டென்ஷனர், ஐட்லர் புல்லிகள், பெல்ட்டால் ஓடும் வாட்டர் பம்ப், கேம் மற்றும் கிராங்க் முன் சீல்கள், கூலன்ட், ஒருமுறைதான் பயன்படுத்தலாம் என்று கம்பெனி சொல்லும் போல்ட்டுகள் எல்லாம். கிட்டாக வரும். கருவிகளில் தவிர்க்க முடியாதவை டார்க் ரெஞ்ச், ஆங்கிள் கேஜ், அந்த எஞ்சினுக்குரிய கேம் மற்றும் கிராங்க் பூட்டும் பின்கள். டார்க் எண்களை உங்கள் எஞ்சினின் சர்வீஸ் மேனுவலில் மட்டும் பாருங்கள். ஒரே காரில் வேறு எஞ்சினுக்கு வேறு எண்.

எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். பழைய ஆயிலை ஸ்ப்ராக்கெட்டுகளிலிருந்து துடைத்தெடுங்கள். கிராங்க் ஸ்ப்ராக்கெட்டை ஷாஃப்ட்டோடு பிடித்து நிறுத்தும் சின்ன உலோகத் துண்டும் (கீ) அதன் பள்ளமும் சிதையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். பிஸ்டன்கள் பாதி வழியில் இருக்கும்போதே கேமைக் குறிக்குக் கொண்டுவாருங்கள், பிறகு கிராங்க்கை மிகக் குறுகிய வழியில் டிடிசிக்கு. வெளிப்புறப் புல்லியின் குறியும் உள்ளே ஸ்ப்ராக்கெட்டின் குறியும் ஒன்றல்ல. பெல்ட்டுக்கு ஸ்ப்ராக்கெட்டின் குறிதான் கணக்கு.

பெல்ட்டை மடக்காதீர்கள், உள்புறம் வெளியே திருப்பாதீர்கள், ஸ்க்ரூடிரைவரால் நெம்பி ஏற்றாதீர்கள். கிராங்க்கில் தொடங்கி, டென்ஷனர் இல்லாத பக்கத்தைத் தொய்வே இல்லாமல் இழுத்தபடி கேம்களுக்குப் போங்கள். தொய்வு முழுவதும் டென்ஷனர் பக்கம் சேர வேண்டும், அது கடைசி. டென்ஷனரின் முள்ளை அதன் பள்ளத்துக்கு நேராக நிறுத்தி இறுக்குங்கள்.

பூட்டுப் பின்களை எடுத்துவிட்டு, கிராங்க்கைக் கையால் ஓடும் திசையில் இரண்டு முழுச் சுற்று திருப்புங்கள். ஸ்ப்ராக்கெட் குறிகளும் முள்ளும் சரியான இடத்துக்குத் திரும்பியிருக்க வேண்டும், பின்கள் தடையின்றி உள்ளே போக வேண்டும். பலர் இந்த இடத்தில் பதறிப்போகிறார்கள்: பெல்ட்டின் மேல் அச்சடித்த வெள்ளைக் கோடுகள் குறியோடு பொருந்தவில்லை என்று. அவை பொருந்தாது. அந்தக் கோடுகள் முதல் முறை மாட்டுவதற்கு மட்டும். ஸ்ப்ராக்கெட் குறியே விலகியிருந்தால் மறுபடி மாட்டுங்கள், "ஒரு பல்தானே" என்று விடாதீர்கள். 40 பல் உள்ள கேம் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் என்பது கிராங்க்கில் 18 டிகிரி.

இப்போது ஃப்யூயல் பம்ப் ரிலேயை எடுத்து, இக்னிஷனையும் துண்டித்து, ப்ளக் இல்லாமல் த்ராட்டில் முழுதாகத் திறந்த நிலையில் கம்ப்ரஷன் பாருங்கள். பேட்டரி முழு சார்ஜில் இருக்கட்டும். பெட்ரோல் எஞ்சினில் பொதுவாக 10 முதல் 13 பார் வரும். சிலிண்டர்களுக்கிடையே பெரிய வித்தியாசம் இல்லாததே முக்கியம். பிறகு கூலன்ட் ஊற்றிக் காற்று நீக்கி, ஸ்டார்ட் செய்யுங்கள். சிணுங்கும் சத்தம் வந்தால் டென்ஷன் அதிகம், மூடியில் தட்டும் சத்தம் வந்தால் குறைவு. இரண்டிலும் உடனே அணைத்துவிட்டு மீண்டும் திறங்கள்.

அடுத்த மாற்றம் எப்போது என்பதை மேனுவல் கிலோமீட்டரிலும் ஆண்டிலும் சொல்லும், எது முதலில் வருகிறதோ அதுவே கணக்கு. குறைவாக ஓடும் வண்டியில் ஆண்டுதான் முதலில் வரும். இன்றைய தேதியையும் கிலோமீட்டரையும் ஒரு ஸ்டிக்கரில் எழுதி பெல்ட் மூடியிலேயே ஒட்டுங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் மேல் மூடியை மட்டும் திறந்து, சீல்களில் ஈரம் உண்டா, பெல்ட் ஸ்ப்ராக்கெட்டின் நடுவில் ஓடுகிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.