என்பிஏ பரிமாற்றத்தில் லாபம் யாருக்கு? ஏடு போட்டுக் கணக்குப் பார்க்கும் முறை

அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏயில், 2019 ஜூலையில் பால் ஜார்ஜ் என்ற நட்சத்திர வீரர் பரிமாற்றத்தில் ஓக்லஹோமா சிட்டி தண்டர் அணியிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் கிளிப்பர்ஸுக்குப் போன அன்றே, "கிளிப்பர்ஸுக்குத்தான் லாபம்" என்று என் நோட்டில் எழுதிவைத்தேன். 2025 ஜூனில் தண்டர் சாம்பியன் ஆனது. அன்று பழைய நோட்டைத் தேடியெடுத்து அந்தப் பக்கத்தை வரி வரியாகப் படித்தேன். எந்த வரியில் கணக்குப் பிசகியது என்பது அப்போதுதான் புலப்பட்டது. அதன்பின் எந்தப் பரிமாற்றம் நடந்தாலும் கீழே சொல்லும் முறையில்தான் பார்க்கிறேன். டிராஃப்ட் என்பது அணிகள் புது வீரர்களை வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் ஆண்டு நிகழ்வு, பின்தங்கிய அணிக்கு முன்னிடம்; சம்பள உச்சவரம்பு என்பது அணியின் மொத்தச் சம்பளத்துக்கான எல்லை. இவ்வளவு தெரிந்தால் போதும், நேராக வேலைக்கு வருகிறேன்.

படி 1: கொடுத்தது, வாங்கியது

ஒரு தாளில் அணிக்கு ஒரு பத்தி போடுங்கள். 2019 பரிமாற்றத்தின் ஏடு இப்படி வரும். கிளிப்பர்ஸ் வாங்கியது: பால் ஜார்ஜ். தண்டர் வாங்கியது: ஷாய் கில்ஜஸ் அலெக்சாண்டர், டானிலோ கல்லினாரி, கிளிப்பர்ஸின் 2022, 2024, 2026 முதல் சுற்றுத் தேர்வுரிமைகள் (அந்தந்த ஆண்டு டிராஃப்டின் முதல் சுற்றில் வீரரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை), மயாமி ஹீட்டின் 2021, 2023 முதல் சுற்றுத் தேர்வுரிமைகள், 2023லும் 2025லும் டிராஃப்ட் வரிசையில் கிளிப்பர்ஸுடன் இடம் மாற்றிக்கொள்ளும் உரிமை.

இதைக் கையால் எழுதுவதே நல்லது என்பது என் உறுதியான எண்ணம். ஈஎஸ்பிஎன் டிரேட் மெஷின் போன்றவை சம்பளம் பொருந்துகிறதா என்று பார்க்க உதவும். யாருக்கு லாபம் என்று கேட்கும் இடம் அதுவன்று. சம்பளத்துக்கு ஸ்போட்ராக், தேர்வுரிமை யார் கைக்குப் போனது என்பதற்கு ரியல்ஜிஎம், பழைய பதிவுகளுக்குப் பேஸ்கட்பால் ரெஃபரன்ஸ். இந்த மூன்று இணையதளங்களும் போதும். மதிப்பெண் போடும் கட்டுரைகளை ஏடு எழுதி முடித்த பிறகு படியுங்கள். முன்கூட்டிப் படித்தால் கை அவர்கள் சொன்ன பக்கமே சாயும்.

படி 2: வயதும் ஒப்பந்தமும்

ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் வயதையும் ஒப்பந்தத்தில் மிச்சமிருக்கும் ஆண்டுகளையும் எழுதுங்கள். ஜார்ஜுக்கு 29 வயது. முந்தைய சீசனில் எம்விபி (சீசனின் மிகச் சிறந்த வீரர்) வாக்கெடுப்பில் மூன்றாம் இடம் பிடித்தவர். ஷாய் 21ஐத் தொடவிருந்த, ஒரே ஒரு சீசன் ஆடிய பையன். அன்று பெயரை மட்டும் பார்த்தவர்களுக்கு இந்த இருவரும் ஒரே தராசில் நிற்கவில்லை. வயதைப் பார்த்தவர்கள் கொஞ்சம் தயங்கியிருப்பார்கள்.

படி 3: எடைக்கல்லாக வந்தவர் யார்?

உச்சவரம்பைத் தாண்டிய அணி தான் அனுப்பும் சம்பளத்துக்கு ஏற்ற அளவில்தான் சம்பளத்தை வாங்க முடியும். அன்றைய விதிப்படி இந்த அளவுப் பரிமாற்றத்தில் வரம்பு 125 சதவீதமும் அதற்கு மேல் 1 லட்சம் டாலரும். ஜார்ஜின் சம்பளம் சுமார் 3.3 கோடி டாலர். ஷாயின் சம்பளம் 40 லட்சத்துக்கும் சற்றுக் குறைவு. கல்லினாரியின் சுமார் 2.26 கோடி சேர்ந்தால்தான் கணக்கு நேராகிறது. அவர் நல்ல ஆட்டக்காரர்தான். ஆனாலும் அந்தப் பட்டியலில் அவர் பெயர் வந்ததற்கு முதல் காரணம் அவருடைய சம்பளம். இப்படி வருபவர்களைப் பென்சிலால் வட்டமிட்டு வையுங்கள். இல்லையென்றால் "இத்தனை வீரர்களைக் கொடுத்தார்களே" என்ற எண்ணிக்கை உங்களைத் திசைதிருப்பிவிடும்.

படி 4: தேர்வுரிமைகளைப் பிரித்துப் படித்தல்

நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான். 2019ல் "ஐந்து தேர்வுரிமை, இரண்டு இடமாற்றம், ஆக ஏழு" என்று கூட்டி எழுதியிருந்தேன். அந்தக் கூட்டலே தவறு.

முதலில் ஆண்டுகளைக் கவனியுங்கள். 2022, 2024, 2026 என்று ஒன்றுவிட்டு ஒன்றாக வருவது தற்செயல் இல்லை. அடுத்தடுத்த இரண்டு எதிர்கால ஆண்டுகளில் முதல் சுற்றுத் தேர்வுரிமை இல்லாத நிலைக்கு ஓர் அணி தன்னைத் தள்ளிக்கொள்ளக் கூடாது என்று என்பிஏயில் விதி உண்டு. 1980களில் கிளீவ்லாந்து அணியின் உரிமையாளராக இருந்த டெட் ஸ்டெப்பியன் தேர்வுரிமைகளை வாரி இறைத்ததால் வந்தது. இன்றும் அவர் பெயரிலேயே அழைக்கிறார்கள். ஏழு ஆண்டுக்கு அப்பால் உள்ளதைக் கொடுக்கவும் முடியாது. ஆகவே கிளிப்பர்ஸ் ஒன்றுவிட்ட ஆண்டுகளைக் கொடுத்துவிட்டு, இடையிலிருந்த 2023க்கும் 2025க்கும் இடமாற்ற உரிமை தந்தது. 2022 முதல் 2026 வரை தன் சொந்தக் கிடங்கில் விதி அனுமதித்த மட்டும் எல்லாவற்றையும் அள்ளிக் கொடுத்திருக்கிறது என்று அந்த ஆண்டுகளே சொல்கின்றன. நான் அதைப் படிக்கத் தவறினேன்.

அடுத்து, இடமாற்ற உரிமை. இது தனித் தேர்வுரிமை ஆகாது. இரு அணிகளின் இடங்களில் எது மேலோ அதை எடுத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். 2023ல் தண்டரின் சொந்த இடம் 12, கிளிப்பர்ஸின் இடம் 20. மாற்றினால் நட்டம், அதனால் மாற்றவில்லை. அந்த உரிமையின் பலன் பூஜ்யம். 2025ல் தண்டர் 68 ஆட்டங்களை வென்றதால் அதன் இடம் 30. கிளிப்பர்ஸின் இடம் 24. மாற்றிக்கொண்டார்கள், ஆறு படி ஏற்றம். ஏட்டில் இதை எண்ணிக்கையாகக் கூட்டாமல் "இடைவெளி எவ்வளவு" என்று தனி வரியில் எழுதுங்கள்.

மூன்றாவது, பாதுகாப்பு நிபந்தனை. ஹீட்டின் 2023 தேர்வுரிமை பிறகு செய்துகொண்ட ஏற்பாட்டால் 2025க்குத் தள்ளிப்போனது. முதல் 14 இடங்களுக்குள் விழுந்தால் அந்த ஆண்டு ஹீட்டே வைத்துக்கொள்ளும் என்பது நிபந்தனை. 2025 ஏப்ரலில் 37 வெற்றி, 45 தோல்வியோடு பத்தாம் இடத்தில் முடித்த ஹீட், பிளே-இன் சுற்றில் (கோப்பைக்கான பிளேஆஃபின் கடைசி இடங்களுக்கான தகுதிச் சுற்று) சிகாகோவை வீழ்த்தியது. அடுத்து அட்லாண்டாவில் கூடுதல் நேரம் வரை சென்று ஹாக்ஸையும் வீழ்த்தியது. நான் விடியற்காலையில் எழுந்து அந்த ஆட்டத்தைப் பார்த்தேன். மைதானத்தில் இருந்த இரு அணிகளுக்கும் அது பிளேஆஃப் கனவு. எனக்கோ ஆறு ஆண்டுப் பழைய ஏட்டின் ஒரு வரி. ஹீட் வென்றது, தேர்வுரிமை 15ஆம் இடத்துக்கு இறங்கியது, தண்டர் கைக்கு வந்தது. அதில் எடுத்த வீரர் தாமஸ் சார்பர். அன்று ஹீட் தோற்றிருந்தால் அந்த வரி இன்னும் ஓராண்டு நிரம்பாமல் கிடந்திருக்கும்.

கடைசியாக, என் முறை முழுவதற்கும் ஆணிவேரான விஷயம். நிபந்தனையற்ற தேர்வுரிமையின் விலை, கொடுத்த அணியின் சறுக்கலோடு கட்டப்பட்டது. 2021 பிளேஆஃபில் கிளிப்பர்ஸின் இன்னொரு நட்சத்திரமான கவாய் லெனார்டின் முழங்கால் காயமடைந்து, அடுத்த சீசன் முழுவதும் அவர் ஆடவில்லை. கிளிப்பர்ஸ் 42 ஆட்டங்களை மட்டும் வென்று, பிளே-இன் ஆட்டங்கள் இரண்டிலும் தோற்று வெளியேறியது. அதனால் 2022 தேர்வுரிமை 12ஆம் இடமாக மாறித் தண்டரிடம் போனது. அந்த இடத்தில் வந்தவர் ஜேலன் வில்லியம்ஸ். 2025 இறுதித் தொடரின் ஐந்தாம் ஆட்டத்தில் 40 புள்ளிகள் எடுத்தவர். கிளிப்பர்ஸ் அந்த ஆண்டு நொடித்துப்போனபோது அதன் அடுத்த நல்ல வீரரும் எதிரணியின் கைக்கே போனார். எனவே கொடுக்கும் அணிக்கு மோசமான ஆண்டு ஒன்று வந்தால் என்ன ஆகும் என்பதை ஏட்டில் கட்டாயம் எழுதுங்கள்.

படி 5: கொடுக்காமல் இருந்திருந்தால்?

இதைத் தவிர்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்பவர்கள் கிளிப்பர்ஸுக்கு அநீதி செய்கிறார்கள். டொரான்டோவுக்குக் கோப்பை வாங்கித் தந்த கையோடு, ஒப்பந்தம் இல்லாமல் எந்த அணியிலும் சேரலாம் என்ற வெளிச்சந்தைக்கு வந்திருந்த லெனார்ட், ஜார்ஜ் உடன் வந்தால் வருவேன் என்ற நிலையில் இருந்தார். ஆக, அந்த விலை இருவருக்குமானது. மறுத்திருந்தால் இருவருமே இல்லை. இந்த வரியைச் சேர்த்த பிறகும், அன்று அந்த முடிவு முட்டாள்தனமானது என்று எழுத என் பேனா ஓடவில்லை. விலை அதிகம், காரணம் நியாயம் என்றே எழுதினேன்.

படி 6: மூன்று தேதிகள்

தீர்ப்பை மூன்று முறை எழுதுங்கள்: நடந்த அன்று, முதல் சீசன் முடிந்ததும், கடைசித் தேர்வுரிமை கைமாறியதும். முந்தையதை அழிக்காதீர்கள். கிளிப்பர்ஸ் 2020ல் டென்வரிடம் 3-1 என்ற முன்னிலையைப் பறிகொடுத்தது. 2021ல் தன் வரலாற்றிலேயே முதன்முறையாக மேற்குப் பிரிவின் இறுதிக்குப் போனது. 2024ல் ஜார்ஜ் ஒப்பந்தத்தின் கடைசி ஆண்டை வேண்டாமென்று விட்டுப் பிலடெல்பியாவுக்குப் போனார். கிளிப்பர்ஸுக்குப் பதிலாக எதுவும் கிடைக்கவில்லை. ஷாய் 2025ல் எம்விபி, இறுதித் தொடரிலும் சிறந்த வீரர். 2026 தேர்வுரிமையைச் சேர்க்காமலேயே என் மூன்றாவது தீர்ப்பு: தண்டருக்குப் பெரும் லாபம்.

பின்சேர்க்கை 1

மூன்றாவது அணி வந்தால் என்ன செய்வது என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். மூன்றாவது பத்தி போடுங்கள். 2025 பிப்ரவரியில் லூகா டான்சிச் டாலஸிலிருந்து லேக்கர்ஸுக்குப் போன பரிமாற்றத்தில் யூட்டா ஜாஸ், ஜேலன் ஹூட்-ஷிஃபினோவை ஏற்றுக்கொண்டு இரண்டாம் சுற்றுத் தேர்வுரிமைகள் இரண்டைப் பெற்றது. சிறிய வேலை, சிறிய கூலி. அந்தப் பத்தி அதோடு முடிந்தது.

பின்சேர்க்கை 2

அதே பரிமாற்றத்தைப் பற்றிப் பலர் ஒரே கேள்வியை எழுப்பியதால் இதையும் எழுதுகிறேன். டாலஸ் 25 வயது டான்சிச்சைக் கொடுத்து, 31 வயது ஆந்தனி டேவிஸ், மேக்ஸ் கிறிஸ்டி, லேக்கர்ஸின் 2029 முதல் சுற்றுத் தேர்வுரிமை ஆகியவற்றை வாங்கியது. டேவிஸ் முதல் ஆட்டத்திலேயே காயமடைந்தார். டிராஃப்டின் முன்னிடங்களைத் தீர்மானிக்கும் மே மாதக் குலுக்கலில் 1.8 சதவீத வாய்ப்பு மட்டும் இருந்த டாலஸுக்கு முதல் இடம் விழுந்து, கூப்பர் ஃப்ளாக் கிடைத்தார். "அப்படியானால் டாலஸுக்கும் லாபம்தானே?" என்பது கேள்வி.

இல்லை. ஃப்ளாக் பரிமாற்றத்தின் பத்தியில் வரமாட்டார். லேக்கர்ஸ் அவரைத் தரவில்லை; குலுக்கல் தந்தது. அதை வேறு தாளில் எழுதுங்கள். டாலஸின் பத்தியில் நான் வைத்த கேள்வி வேறு: தண்டர் ஐந்து தேர்வுரிமை வாங்கிய சந்தையில், ஜார்ஜைவிட இளைய, ஜார்ஜைவிடப் பெரிய வீரருக்கு ஏன் ஒன்றே ஒன்று? பேச்சு ரகசியமாக நடந்தது. மற்ற அணிகளிடம் விலை கேட்கப்படவில்லை. டாலஸின் பத்தியில் 2029 என்ற அந்த ஒரு வரியை மட்டும் நிரப்பாமல் விட்டிருக்கிறேன்.