வீட்டுக் கோழிகளை வெள்ளைக்கழிச்சலிலிருந்து காப்பது எப்படி?

கிராமத்து வீடுகளில் கோழிகளைக் கூண்டோடு கொன்றுவிடும் வெள்ளைக்கழிச்சல், அதாவது ராணிக்கெட் நோய், வைரஸால் வருவது. வந்தபின் குணப்படுத்த மருந்தில்லை என்பதால், பராமரிப்பில் நாம் விடும் பிழைகளைத் திருத்துவதே வழி. அவற்றுள் பெரியது சந்தைக் கோழியைச் சேர்க்கும் விதம். காலைக் கட்டித் தலைகீழாகத் தூக்கிவந்த சேவலை அன்றிரவே பழைய கோழிகளுடன் ஒரே பஞ்சாரத்தில் கவிழ்த்து அடைத்தால், நோய்க்குறி தெரியாத நிலையிலும் அதன் எச்சமும் சளியும் மற்றவற்றுக்கு வைரஸைக் கொடுத்துவிடும். ஆகவே புதுக் கோழியை மூன்று வாரமாவது தனியிடத்தில், தனித் தண்ணீர்ச் சட்டியுடன் வைத்து, பழைய கோழிகளுக்குத் தீனி போட்ட பிறகே அதனிடம் செல்லுங்கள். சந்தையில் விலைபோகாமல் திரும்பி வந்த நம் வீட்டுக் கோழிக்கும் இதே விதிதான். பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

குஞ்சு பொரித்த 7ஆம் நாள் லசோட்டா என்ற தடுப்புச் சொட்டு மருந்தும், 8ஆம் வாரத்தில் இறக்கைத் தோலுக்கடியில் தடுப்பூசியும் போட வேண்டும். தமிழ்நாட்டில் கால்நடை பராமரிப்புத் துறை வழக்கமாகப் பிப்ரவரியில் இதற்கு இலவச முகாம் நடத்துகிறது. மருந்தைப் பனிக்கட்டியில் வைத்தே கொண்டுவாருங்கள், சூடேறினால் வீணாகிவிடும்.

தலை தொங்கிப் பச்சையாகக் கழியும் கோழியை அவசரமாக அறுத்து, இறகையும் குடலையும் குப்பைமேட்டில் வீசுவது ஊர் முழுவதும் நோயைப் பரப்பும். செத்ததை ஆழக் குழிதோண்டி, சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள்.