ஷேட் கார்டை இழுத்துப் பழகுங்கள்: இடைநிலை வெப் அனிமேஷனுக்கு ஒரு வழி

பட்டன் மேல் மவுஸ் போனால் நிறம் மாறுகிறது, எழுத்து கீழிருந்து எழும்பி வருகிறது. இதெல்லாம் செய்யத் தெரிந்துவிட்டதா? அடுத்த கட்டத்துக்கு நீங்கள் தயார். திருப்பூரில் பின்னலாடைக் கம்பெனிகளுக்கு வெப்சைட் செய்துகொண்டே, வார இறுதிகளில் இந்த நான்கு வாரப் பாடத்தை எடுக்கிறேன். பல்லடம், அவிநாசி, பெருந்துறை என்று சுற்றுவட்டாரப் பிள்ளைகள் வருகிறார்கள். எல்லோருக்கும் முதலில் சொல்வது இதுதான்: எஃபெக்ட்டுகளைச் சேர்த்துக்கொண்டே போகாதீர்கள். ஒன்றே ஒன்றை எடுத்து, அது கைக்கு ஒழுங்காகப் பதில் சொல்லும்வரை விடாதீர்கள்.

நாங்கள் எடுப்பது ஷேட் கார்டு. துணித்துண்டு ஒட்டிய நிற அட்டைகளை பையர் முன்னால் ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டுவார்களே, அதைத் திரையில் செய்ய வேண்டும். விரலால் இழுத்தால் அட்டை கூடவே வர வேண்டும். பாதியில் விட்டால் திரும்ப வேண்டும். வேகமாகத் தள்ளினால் ஒதுங்கி அடுத்த நிறம் தெரிய வேண்டும். நீங்கள் சென்னிமலைப் பெட்ஷீட்டையும் வைத்துக்கொள்ளலாம். கையில் பிடித்துப் பழகிய பொருளாக இருந்தால், அசைவு சரியில்லாதபோது உடனே தெரிந்துவிடும்.

முதல் வாரம் இழுக்கவே வேண்டாம். தட்டினால் அட்டை திறக்கட்டும், மறுபடி தட்டினால் மூடட்டும். முதலில் கீஃப்ரேமில் (அசைவின் கட்டங்களை நாமே வரிசையாக எழுதிவைக்கும் முறை) எழுதுங்கள், அப்புறம் ட்ரான்சிஷனில் (போய்ச் சேர வேண்டிய நிலையைச் சொன்னால் இடைப்பட்டதை பிரவுசரே நிரப்பும் முறை) எழுதுங்கள். திறந்துகொண்டிருக்கும்போதே பாதியில் தட்டிப் பாருங்கள். கீஃப்ரேமில் தொடக்க நிலை, முடிவு நிலை இரண்டையும் எழுதியிருந்தால், அட்டை முழுசாகத் திறந்த நிலைக்குக் குதித்து அங்கிருந்து மூடத் தொடங்கும். ட்ரான்சிஷனோ, அட்டை அப்போது எங்கே நிற்கிறதோ அங்கிருந்தே திரும்பும். இடைநிலை என்பதே இந்த வித்தியாசத்தில் இருக்கிறது என்று நம்புகிறேன். அசைவு ஓடும்போது யாராவது குறுக்கே கை வைப்பார்கள். அப்போது என்ன ஆகும் என்பது எழுதுகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அசைப்பதற்கு டிரான்ஸ்ஃபார்ம் (நகர்த்துவது, சுழற்றுவது, பெரிதாக்குவது), ஒபாசிட்டி (எவ்வளவு தெளிவாகத் தெரிய வேண்டும் என்பது) இரண்டோடு நில்லுங்கள். லெஃப்ட், டாப், விட்த் இவற்றை மாற்றினால் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் பிரவுசர் பக்க அமைப்பையே மறுபடி கணக்குப் போட வேண்டிவரும். நொடிக்கு 60 ஃப்ரேம் காட்டும் திரையில் ஒரு ஃப்ரேமுக்குக் கிடைப்பது சுமார் 16.7 மில்லிசெகண்ட்தான்.

இரண்டாம் வாரம் இழுப்பு. தொட்டது, நகர்த்தியது, விட்டது என்று பிரவுசர் அனுப்பும் தகவலான பாயிண்டர் ஈவென்ட் படித்தால் போதும், மவுஸுக்கும் டச்சுக்கும் தனித்தனியாக எழுத வேண்டியதில்லை. பாயிண்டர்டவுனில் தொட்ட இடத்தைக் குறித்துக்கொண்டு, பாயிண்டர்மூவில் வித்தியாசத்தை ட்ரான்ஸ்லேட்டில் (டிரான்ஸ்ஃபார்மில் இடம் நகர்த்தும் பகுதி) போடுங்கள். இழுக்கும் நேரத்தில் ட்ரான்சிஷனை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் அட்டை விரலுக்குப் பின்னால் இழுபடும். லேப்டாப்பில் அருமையாக ஓடும். போனில் போட்டதும் கேள்வி வரும்: "ஏனுங்க அக்கா, கொஞ்ச தூரம் வந்துட்டு அப்படியே நின்னுக்குதுங்க?"

காரணம், பிரவுசர் அதை ஸ்க்ரோல் என்று எடுத்துக்கொண்டு, இழுப்பு முடிந்தது என்று சொல்லும் பாயிண்டர்கேன்சல் ஈவென்டை அனுப்பிவிடுகிறது. அட்டையின் சிஎஸ்எஸ்ஸில் டச்-ஆக்‌ஷனுக்கு பான்-ஒய் என்று கொடுங்கள். மேலும் கீழுமான ஸ்க்ரோல் பிரவுசருக்கு, பக்கவாட்டு இழுப்பு நமக்கு. செட்பாயிண்டர்கேப்சர் போட்டால் விரல் அட்டையை விட்டு வெளியே போனாலும் ஈவென்ட் அட்டைக்கே வரும். பாயிண்டர்கேன்சல் வந்தாலும் விரலை எடுத்ததாகவே நடத்துங்கள்.

மூன்றாம் வாரம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. விட்ட அட்டையைத் திரும்பக் கொண்டுவரும் ஸ்பிரிங்கை லைப்ரரி (பிறர் எழுதிவைத்த ப்ரோக்ராம் தொகுப்பு) இல்லாமல் நீங்களே எழுதுங்கள். இடத்திலிருந்து விலகிய தூரத்தை 170-ஆலும், இப்போதைய வேகத்தை 26-ஆலும் பெருக்கிக் கூட்டி, எதிர்க்குறி போடுங்கள். அதுதான் முடுக்கம். அதை நேர இடைவெளியால் பெருக்கி வேகத்தோடு சேருங்கள், புது வேகத்தை அதே இடைவெளியால் பெருக்கி இடத்தோடு சேருங்கள். 26 என்றால் அட்டை ஆட்டமில்லாமல் வந்து உட்காரும். 12 ஆக்கினால் தாண்டிப் போய், ஆடி நிற்கும். விரல் விட்ட வேகத்தைத் தொடக்க வேகமாகக் கொடுத்தால் நிஜமாகவே தள்ளிவிட்ட மாதிரி இருக்கும்.

இந்த நேர இடைவெளிக்கு, ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் முன்னால் நம் ஃபங்ஷனைக் கூப்பிடும் ரிக்வெஸ்ட் அனிமேஷன் ஃப்ரேம் தரும் நேரத்திலிருந்து போன ஃப்ரேமின் நேரத்தைக் கழித்து, செகண்டில் எடுங்கள். 60 ஃப்ரேம்தான் என்று நம்பி எழுதினால் 120 காட்டும் போனில் அட்டை இரண்டு மடங்கு வேகத்தில் பறக்கும். வேறு டேபுக்குப் போய்த் திரும்பும்போது இடைவெளி பெரிதாகிக் கணக்கு தெறித்துவிடும், அதனால் 0.03 செகண்டுக்கு மேல் போகாமல் வரம்பு வையுங்கள். அட்டை திரும்பிக்கொண்டிருக்கும்போது மறுபடி பிடித்தால், ஓடும் லூப்பை நிறுத்திவிட்டு, அப்போதைய இடத்திலிருந்து இழுப்பைத் தொடங்குங்கள். முதல் வாரம் பார்த்தது இங்கேதான் வேலைக்கு வருகிறது.

கடைசி வாரம் சோதனை. ஜிஎஸ்ஏபி (GSAP) என்ற அனிமேஷன் லைப்ரரி 2025 முதல் எல்லா ப்ளகின்னோடும் இலவசம், கையால் எழுதிப் பார்த்த பிறகு தாராளமாக எடுங்கள். குரோம் பிரவுசரிலேயே இருக்கும் சோதனைக் கருவியான டெவ்டூல்ஸில் சிபியுவை 4 மடங்கு மெதுவாக்கி ஓட்டுங்கள். வீட்டில் இருக்கும் பழைய போனிலும் பாருங்கள். அசைவைக் குறைக்கச் சொல்லி போனில் செட்டிங் வைத்திருப்பவர்களுக்கு, அட்டை பறக்காமல் நிறம் மட்டும் மாறட்டும். தலைசுற்றல் உள்ளவர்களுக்கு இது பெரிய உதவி. தானாக ஓடும் அசைவு 5 செகண்டைத் தாண்டினால் நிறுத்த ஒரு பட்டன் கட்டாயம் வையுங்கள்.

கோர்ஸ் தேடும்போது பாடத்திட்டத்தின் நீளத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். "நாங்கள் எழுதிய ப்ரோக்ராமை யார் பார்த்துத் திருத்துவார்கள், எத்தனை முறை?" என்று கேளுங்கள். பதில் தெளிவாக வந்தால் சேருங்கள்.