லிக்டன்ஸ்டைன் புள்ளிகளைக் கையால் வைப்பது எப்படி?

போட்டோவை ஒரு ஃபில்டரில் போட்டால், விளம்பரம், காமிக்ஸ் போன்றவற்றையே ஓவியமாக்கும் பாப் ஆர்ட் வந்துவிடும் என்பார்கள். வரும்தான். ஆனால் அச்சுப் புள்ளிகளைப் பெரிதாக்கி வரைந்த அமெரிக்க பாப் ஓவியர் ராய் லிக்டன்ஸ்டைன் பட்ட பாடு தெரிய வேண்டுமென்றால் கையால் செய்து பார்க்க வேண்டும். நான் மூன்று அட்டைகளை வீணாக்கிவிட்டு எழுதுகிறேன்.

1. படத்தைத் தேர்ந்தெடுங்கள். மலை, மயில், சூரிய அஸ்தமனம் எதுவும் வேண்டாம். 1950-களில் லண்டனில் பவுலோட்சி, ரிச்சர்ட் ஹாமில்டன் போன்ற ஓவியர்கள் அமெரிக்கப் பத்திரிகை விளம்பரங்களை வெட்டி ஒட்டித்தான் பாப் ஆர்ட்டை ஆரம்பித்தார்கள். 1956-இல் ஹாமில்டன் செய்த ஒட்டுப்படத்தில் ஒரு பயில்வான் பெரிய லாலிபாப்பைப் பிடித்து நிற்பார். அதன் மேல் 'பாப்' என்றே எழுதியிருக்கும். கடைச்சரக்கு, காமிக்ஸ், சினிமா முகம் என்று ஓவியர்கள் சீண்டாத எல்லாம் இங்கே சரக்கு. நான் எடுத்தது, தீக்குச்சி உரசும் ஒரு கை.

2. ஏ3 அட்டையில் பென்சிலால் பெரிதாக வரையுங்கள். நிழல் வேண்டாம், வெளிக்கோடு போதும்.

3. இனி புள்ளி. நான் மாட்டிக்கொண்டது இங்கேதான்.

அந்தக் கால மலிவு அச்சில் சிவப்புப் புள்ளிகளை இடைவெளி விட்டு அடிப்பார்கள். தள்ளி நின்று பார்த்தால் தோல் நிறமாகத் தெரியும். 1879-இல் பெஞ்சமின் டே என்பவர் கொண்டுவந்த முறை. லிக்டன்ஸ்டைன் அந்தப் புள்ளியைக் கண்ணில் அறையும்படி பெரிதாக்கினார்.

ஹார்டுவேர் கடையில் துளை போட்ட தகடு கேளுங்கள். துளைகள் நேர்ப்புள்ளியாக இருக்கக் கூடாது, ஊடுபுள்ளிக் கோலம் மாதிரி இருக்க வேண்டும். கை வடிவத்தை வெட்டி எடுத்த தாளால் மற்ற இடத்தை மூடி, மேலே தகட்டை வைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் வண்ணத்தைக் குத்துங்கள். தேய்த்தால் போச்சு. நான் தண்ணீர் கலந்து தேய்த்தேன். வண்ணம் தகட்டுக்கு அடியில் ஓடி, வரைந்த கை முழுக்க அம்மை போட்டது போல ஆகிவிட்டது. பிரஷ்ஷைச் செய்தித்தாளில் ஒற்றி, கிட்டத்தட்ட காய்ந்த பிறகே குத்துங்கள். தகட்டை நேர் மேலே தூக்கி, அடிப்பக்கத்தைத் துடையுங்கள். அடுத்த பகுதிக்கு நகர்த்தும்போது, காய்ந்த கடைசி வரிசைப் புள்ளிகள் மேல் முதல் வரிசைத் துளைகள் சரியாக உட்கார வேண்டும்.

மனசு விட வேண்டாம். 1961-இல் மிக்கி மவுஸ் படத்துக்கு லிக்டன்ஸ்டைனே நாய்க்கு முடி வாரும் பிரஷ்ஷை வண்ணத்தில் தோய்த்துத்தான் புள்ளி வைத்தார். அவையும் ஒழுங்காக இல்லை.

4. மற்ற இடங்களுக்கு மஞ்சள், நீலம். அக்ரிலிக் மட்டும் வாங்குங்கள். போஸ்டர் கலரில் பிரஷ் தடம் தெரியும், தடம் தெரிந்தால் அச்சடித்த தோற்றம் போய்விடும்.

5. கறுப்பு வெளிக்கோடு கடைசியில். ஓரத்தில் பிசகிய புள்ளிகளையெல்லாம் அது மறைத்துவிடும்.

பிற்சேர்க்கை: ஜல்லிக்கரண்டி போதாதா என்று இரண்டு பேர் கேட்டார்கள். அது குழிவானது, ஓரப் புள்ளிகள் கலங்கும். இன்னொரு பாப் ஓவியரான ஆண்டி வார்ஹோல் போல ஸ்கிரீன் பிரிண்டிங் செய்யலாமே என்றார் இன்னொருவர். செய்யலாம், ஆனால் 1962 ஜூலையில் லாஸ் ஏஞ்சலஸில் வார்ஹோல் கண்காட்சியில் வைத்த 32 சூப் டின் படங்கள் ஸ்கிரீன் பிரிண்ட் இல்லை, கையால் தீட்டியவை. டின்னின் அடியில் ஓடும் பூ வேலைப்பாடு மட்டும் முத்திரை குத்தியது. மர்லின் மன்றோ முகத்தை ஸ்கிரீனில் அடித்தது அதற்கு அப்புறம்தான்.